வாக்கிங் போனவன் ஒரகடத்துல இறங்கின கதை

அன்னிக்கு திங்கக்கிழமை. காலையில எந்திரிச்சு வாக்கிங் போகணும். வேலை அவ்வளவுதான்.

பென்னலூர்ல எங்க வாடகை வீட்டு வாசல்ல ஆரம்பிச்சு, ஹைவே ஓரமா பெட்ரோல் பங்க் வரைக்கும் போயி, திரும்பி வந்து, குளிச்சிட்டு வேலைக்குக் கிளம்பணும். இதுல தப்பாப் போறதுக்கு என்ன இருக்குன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

ஏன் நடக்கக் கிளம்பினேன்னு மொதல்ல சொல்லிடுறேன்.

அப்ப நான் இருங்காட்டுக்கோட்டையில, காருக்கு ரப்பர் ஹோஸ் செய்யற ஒரு கம்பெனியில குவாலிட்டி இன்ஸ்பெக்டர். எங்க கம்பெனிக்கு வாரம் ஒருநாள் ஒரு டாக்டரம்மா வருவாங்க. தலைவலி, வயித்துவலின்னு போறவங்க எல்லாருக்கும் பி.பி. பார்ப்பாங்க. நானும் ஒரு நாள் போனேன்.

கையில பட்டையைச் சுத்தினாங்க. பம்பை அமுக்கினாங்க. நம்பரைப் பார்த்தாங்க. இன்னொரு கையில சுத்தினாங்க. மறுபடி பார்த்தாங்க. அப்புறம் என் ஐடி கார்டுல இருந்த பேரைப் பார்த்தாங்க.

"ஆரோக்கியசாமியா?"

"ஆமா மேடம்."

"யாரு வச்ச பேரு?"

"எங்க அப்பா மேடம். வேளாங்கண்ணியில வேண்டிக்கிட்டு வச்சது."

"அப்பா நம்பிக்கையோட வச்சிருக்காரு. நீங்களும் கொஞ்சம் ஒத்துழைக்கணும்ல?"

மாத்திரை எழுதுவாங்கன்னு கையை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். எழுதல.

"இப்பவே மாத்திரை வேணாம். தினமும் காலையில நல்லா நடங்க. உப்பைக் குறைங்க. ஊறுகாய், அப்பளம் பக்கம் போகாதீங்க. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. கொஞ்ச நாள் கழிச்சுப் பார்க்கலாம்."

அவ்வளவுதாங்க! எனக்கு வந்த பெருமை இருக்கே! என்னமோ மாத்திரை இல்லாம வாழறதுக்கு எனக்கு மட்டும் லைசென்ஸ் குடுத்த மாதிரி!

ஒரு அடி கூட இன்னும் நடக்கல. அன்னிக்கு மத்தியானமே கேன்டீன்ல பிரசங்கத்தை ஆரம்பிச்சுட்டேன். பக்கத்துல ஒருத்தர் பாவம், காய்ச்சலுக்கு மாத்திரையைப் பிரிச்சுக்கிட்டு இருந்தாரு.

"என்னங்க இது, எதுக்கெடுத்தாலும் மாத்திரை? உடம்பே ஒரு டாக்டருங்க! நாமதான் அதைப் பேச விடறதில்ல!"

அவரு என்னைப் பார்த்தாரு. மாத்திரையை வாயில போட்டாரு. தண்ணி குடிச்சாரு. தட்டை எடுத்துக்கிட்டு வேற டேபிளுக்குப் போயிட்டாரு.

வீட்டுல வந்து ஜெசிந்தாகிட்டயும் சொன்னேன். ஜெசிந்தா என் மனைவி. ரெண்டு பேருக்கும் திருநெல்வேலிப் பக்கம். நான் இங்க வந்து பேச்சு மாறிட்டேன். அவ மாறல.

"இனிமே இந்த வீட்டுல மருந்துங்கற பேச்சுக்கே இடம் இல்ல ஜெசி. எல்லாமே வாழ்க்கை முறைதான்."

"சரி. மொதல்ல கையில இருக்க ஊறுகாய் பாட்டிலக் கீழ வையுங்க."

வச்சேன்.

இப்படியாக அந்தத் திங்கக்கிழமை வந்துச்சு. அன்னிக்கு இன்னொரு விஷயமும் இருந்துச்சு. எங்க கம்பெனியில கஸ்டமர் ஆடிட். நாங்க ஹோஸ் சப்ளை பண்ற கார் கம்பெனியிலிருந்து வந்து, எல்லாத்தையும் நோண்டி நோண்டிக் கேப்பாங்க. பதில் சொல்ல வேண்டிய ஆளு நான். "ஆரோக்கியம், திங்கக்கிழமை மட்டும் லேட்டா வந்துடாதப்பா"ன்னு எங்க மேனேஜர் கெஞ்சாத குறையா சொல்லியிருந்தாரு.

அதனால என்ன? நடந்துட்டுப் போனா புத்தி பளிச்சுன்னு இருக்குமே!

வாக்கிங் போறதுக்குன்னு எங்கிட்ட டிரெஸ் எதுவும் கிடையாது. பாதுகாப்பு வாரத்துக்கு எங்க கம்பெனியில குடுத்த நீலக் கலர் டி-சர்ட் இருந்துச்சு. முதுகுல கம்பெனி பேரு பெருசா போட்டிருக்கும். அதை மாட்டினேன். ஷூன்னு பார்த்தா, முன்னால இரும்பு வச்ச சேப்டி ஷூ ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் மாட்டினேன். கனமா இருந்தா இன்னும் நல்லதுதானே, கொழுப்பு சீக்கிரம் கரையும்!

"நடக்கப் போறவரு எதுக்கு இம்புட்டு நேரம் கண்ணாடி முன்னால நிக்கிய?"ன்னா ஜெசிந்தா.

"மனசு தயாராகணும்."

"போனை எடுத்துக்கிடுங்க."

"போனு, பர்சு எதுவும் வேணாம். நடக்கும்போது மனசு லேசா இருக்கணும்."

"பர்சும் லேசாத்தான் இருக்கு. கொண்டு போனா ஒண்ணும் தெரியாது."

காதுல வாங்காம கிளம்பிட்டேன்.

உங்களுக்கு எங்க ஏரியாவைப் பத்தி ஒண்ணு சொல்லணும். எங்க ஊர்ல காலையில ரோட்டுல நடக்கறவன்னு ஒருத்தனும் கிடையாது. ஒண்ணு, கம்பெனி பஸ்ஸுக்காக நிப்பான். இல்லன்னா, கம்பெனி பஸ்ஸை விட்டுட்டு ஓடுவான். கையை வீசிக்கிட்டு நடக்கறவனைப் பார்த்தா எல்லாருக்கும் பதறிடும்.

மொதல்ல ஒரு பைக் நின்னுச்சு. எங்க தெருவுல ரூம் எடுத்துத் தங்கியிருக்கற தம்பி.

"அண்ணே, ஏறுங்க! எங்க போகணும்?"

"எங்கயும் போகல தம்பி. நடக்கறேன்."

"வண்டி ரிப்பேராண்ணே?"

"உடம்புதான் ரிப்பேர். அதுக்குத்தான் நடக்கறேன்."

"உடம்பு சரியில்லாம எதுக்குண்ணே நடக்குறீங்க? ஏறுங்க, ஆஸ்பத்திரியில விடறேன்!"

அவனை அனுப்பி வைக்கிறதுக்குள்ள எனக்கு வேர்த்துப் போச்சு.

அடுத்து ஒரு ஷேர் ஆட்டோ. பக்கத்துலயே உருட்டிக்கிட்டு வந்தாரு டிரைவர்.

"இன்னா சார், கோட்டையா, ஸ்ரீபெரும்புதூரா?"

"வேணாங்க."

"துட்டு இல்லாட்டி பரவால்ல சார், நாளிக்கி குடு."

எனக்குக் கோபம் வந்துச்சு. டாக்டரம்மா மனசை அலட்டிக்காதீங்கன்னு சொன்னது ஞாபகம் வந்துச்சு. சிரிச்சேன். அவரு பயந்துபோய் வேகமா ஓட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

அதுக்கப்புறம்தாங்க அந்த நாய்.

பிரியாணிக் கடை பக்கத்துல படுத்திருந்துச்சு. தினமும் அந்த வழியாத்தான் பைக்ல போறேன், ஏறெடுத்தும் பார்த்ததில்ல. அன்னிக்கு என் இரும்பு ஷூ சத்தம் அதுக்குப் பிடிக்கல போல. எந்திரிச்சுச்சு. உறுமுச்சு. நான் நடையைக் கொஞ்சம் கூட்டினேன். அதுவும் கூட்டுச்சு.

ஓட ஆரம்பிச்சேன்!

முன்னால, ஸ்டாப்புல ஆளுங்களை ஏத்திக்கிட்டு ஒரு கம்பெனி பஸ் அப்பத்தான் நகருது. பின்னால நாய். நடுவுல நான். நீல டி-சர்ட், சேப்டி ஷூ, தலைதெறிக்க ஓட்டம். பார்க்கறவங்களுக்கு என்ன தோணும்?

"டிரைவரண்ணே, நிறுத்துங்க! ஒருத்தர் ஓடியாறாரு!"

பஸ் மெதுவாச்சு. வாசல்ல நின்ன பசங்க கையை நீட்டினாங்க. "ஓடியாங்கண்ணே! புடிங்க! புடிங்க!"

நாய் என் பேன்ட்டைப் புடிக்கப் போச்சு. நான் அவங்க கையைப் புடிச்சேன். தூக்கி உள்ள போட்டாங்க. கதவு சாத்திருச்சு.

"நல்லவேளைண்ணே, ஆப்சென்ட் விழுந்திருக்கும்"னு ஒரு தம்பி என் தோளைத் தட்டிக் குடுத்தான். எனக்கு மூச்சு வாங்குது, பேச்சு வரல. சீட்டுல உக்கார வச்சாங்க. பக்கத்து சீட்டுப் பையன் தூக்கத்துலயே என் தோள்ல சாஞ்சுட்டான்.

மூச்சு திரும்பினதும் அவன் தலையை அலுங்காம ஜன்னல் பக்கம் சாச்சு வச்சிட்டு, டிரைவர்கிட்ட போனேன்.

"அண்ணே, நான் இந்தக் கம்பெனி ஆளு இல்ல. வாக்கிங் போயிட்டு இருந்தேன்."

அவரு கண்ணாடியில என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு.

"வாக்கிங் போறவரு இன்னாத்துக்கு பஸ்ஸ தொரத்திக்கினு வந்த?"

"நாய் துரத்துச்சுண்ணே."

"நாய் தொரத்துனா வூட்டுக்கு ஓடுவாங்க. ஒரகடத்துக்கா ஓடுவாங்க?"

ஒரகடமா! அது ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, எங்க கம்பெனிக்கு நேரெதிர்த் திசையாச்சே!

"அண்ணே, இங்கயே இறக்கி விட்ருங்க!"

"ஹைவேல நிறுத்துனா எனக்கு மெமோ குடுப்பான் சார். ஸ்ரீபெரும்புதூர் சிக்னல்ல எப்படியும் நிக்கும். எறங்கிக்க."

நியாயமான பேச்சு. அந்த சிக்னல்ல நிக்காத வண்டி உண்டா? ஒரு சினிமாவே பார்த்து முடிச்சிடலாம், அவ்வளவு நேரம் நிக்கும். வாசல்கிட்ட போய் தயாரா நின்னேன்.

பச்சை!

நான் அந்தப் பக்கம் வந்ததுலேர்ந்து அந்த சிக்னலைப் பச்சையாப் பார்த்தது அன்னிக்குத்தான். பஸ் சல்லுன்னு திரும்பி ஒரகடம் ரோட்டுல போச்சு. டிரைவர் ரொம்ப சந்தோஷமா ஹாரன் அடிச்சாரு.

பஸ் நேரா கம்பெனி கேட்டுக்குள்ள போய்த்தான் நின்னுச்சு. எல்லாரும் இறங்கினாங்க, நானும் இறங்கினேன். இறங்கி நிமிர்ந்து பார்த்தா, கட்டடத்து மேல பெருசா பேரு எழுதியிருக்கு.

அடக்கடவுளே! இதுவும் ரப்பர் ஹோஸ் கம்பெனி. எங்க கம்பெனிக்கு நேர் போட்டி. எங்க ஆர்டரை எல்லாம் தட்டிட்டுப் போறதா எங்க மேனேஜர் ராத்திரி பகலா திட்டிக்கிட்டு இருக்கற அதே கம்பெனி! என் முதுகுல எங்க கம்பெனி பேரு!

முதுகை செவுத்துல ஒட்டிக்கிட்டு, நண்டு மாதிரி பக்கவாட்டுல நடந்து கேட்டுக்குப் போனேன். செக்யூரிட்டி பெரியவர் மீசையை முறுக்கிக்கிட்டு நின்னாரு.

"ஐயா, வெளிய போகணும்."

"கேட் பாஸ்?"

"இல்லைங்க."

"பாஸ் இல்லாம வெளிய விடமாட்டோம்."

"எனக்கு இங்க வேலையே இல்லைங்கய்யா."

"வேலை இல்லாதவங்களை உள்ளயே விடமாட்டோமே!"

"விட்டுட்டீங்களே!"

"நாங்க விடமாட்டோம் சார்."

"அப்ப நான் இங்க இல்லைன்னே வச்சுக்குங்க. இல்லாத ஆளு வெளிய போறதுல உங்களுக்கு என்ன?"

அவரு யோசிச்சாரு. ஒரு நிமிஷம் நம்பிக்கையா இருந்துச்சு. அப்புறம், "ஹெச்.ஆர். மேடம் வரட்டும், இப்படி ஓரமா நில்லுங்க"ன்னாரு.

ஓரமா நின்னேன். அதுவும் தப்பாப் போச்சு. நான் நின்ன இடத்துலதான் அவங்க ஷிப்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னால உடற்பயிற்சி பண்ணுவாங்களாம். ஸ்பீக்கர்ல மியூசிக் வந்துச்சு. சுத்தியும் வரிசை வரிசையா ஆளுங்க வந்து நின்னாங்க. நடுவுல நான்.

முன்னால நின்ன சூப்பர்வைசர் கத்தினாரு. "ஏய், நீல டி-சர்ட்டு! கையைத் தூக்கு!"

தூக்கினேன். வேற என்ன பண்றது? குனின்னாரு, குனிஞ்சேன். திரும்புன்னாரு, முதுகு தெரியுமேன்னு நான் மட்டும் திரும்பல. "திரும்பச் சொன்னா என்ன முறைக்கிற?"ன்னு கிட்ட வந்து அவரே என்னைத் திருப்பினாரு.

திருப்பினவரு, படிச்சாரு.

அப்புறம் என்னை உக்கார வச்சது ஹெச்.ஆர். ரூம்ல. சின்ன வயசுப் பொண்ணு. ரொம்ப மரியாதையா, ரொம்ப சந்தேகமாப் பேசுச்சு.

"உங்க கம்பெனியில என்ன வேலை பண்றீங்க சார்?"

"குவாலிட்டி."

"எங்க லைனைப் பார்க்க வந்தீங்களா?"

"இல்ல மேடம். உடம்பைப் பார்த்துக்க வந்தேன்."

"எங்க கம்பெனிக்கா?"

நாய், பஸ், சிக்னல், எல்லாத்தையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வரல. அந்தப் பொண்ணு என் மூஞ்சியைப் பார்த்துட்டு, "சார், உங்களுக்கு ரொம்ப வேர்க்குது"ன்னு நர்ஸைக் கூப்பிட்டுச்சு. நர்ஸம்மா பி.பி. பார்த்தாங்க. எங்க டாக்டரம்மா பார்த்தப்போ இருந்ததை விட ஏகத்துக்கும் மேல!

"சார், இது ரொம்ப அதிகம். கேன்டீன்ல இட்லி சொல்லிவிடறேன், சாப்பிட்டுட்டுப் படுங்க. டாக்டரைக் கேட்டு ஒரு மாத்திரை தர்றேன்."

அந்த நிலைமையிலயும் எனக்கு ரோஷம் வந்துச்சு பாருங்க!

"வேணாம் சிஸ்டர். நான் மருந்து எடுக்கறதில்ல. எனக்கு எல்லாம் வாழ்க்கை முறைதான்."

"வாழ்க்கை முறைதான் உங்களை இங்க கொண்டாந்து விட்ருக்கு"ன்னாங்க நர்ஸம்மா. "ராத்திரி நல்லாத் தூங்குறீங்களா?"

"பாதி நாள் நைட் ஷிப்ட் சிஸ்டர். பகல்ல படுத்தா கரண்ட் கட். ஃபேன் நின்னதும் முழிச்சுக்குவேன். கரண்ட் எப்ப வரும்னு பார்த்துக்கிட்டே படுத்திருப்பேன். வந்ததும் டியூட்டிக்குக் கிளம்பணும்."

அவங்க பட்டையைக் கழட்டிக்கிட்டே சொன்னாங்க, "நீங்க நடக்க வேணாம் சார். மொதல்ல தூங்குங்க."

கதை இப்படிப் போயிட்டு இருக்கும்போதே, அந்த ஹெச்.ஆர். பொண்ணு எங்க கம்பெனிக்கு போன் போட்டுருச்சு. நேரா எங்க மேனேஜர்கிட்டயே!

"சார், ஆரோக்கியசாமின்னு உங்க ஸ்டாஃப் ஒருத்தர் எங்க ஹெச்.ஆர்.ல உக்காந்திருக்காரு..."

அப்புறம் போனை என்கிட்ட குடுத்துச்சு.

திட்டு விழப்போகுதுன்னு கண்ணை மூடிக்கிட்டேன். வேலை போச்சு. ஆடிட் அன்னிக்குப் போட்டிக் கம்பெனியில போய் உக்காந்திருக்கறவனை எவன் வச்சுக்குவான்? வாடகையும் ஜெசிந்தா மூஞ்சியும் மாறி மாறி கண்ணுக்கு முன்னால வந்துச்சு.

"ஆரோக்கியம்..."

அவ்வளவு பாசமா என்னை அவர் கூப்பிட்டதே இல்ல.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லப்பா?"

"சார், வாக்கிங் போனேன் சார்..."

"வாக்-இன் இன்டர்வியூ போனியா?"

"வாக்-இன் இல்ல சார்! வாக்கிங்!"

"புரியுது, புரியுது. பக்கத்துல ஆளு இருக்காங்க, பேச முடியாது. எதுலயும் கையெழுத்துப் போட்டுடாத. நான் கார் அனுப்பறேன்."

கார் வந்துச்சு! அவரோட சொந்தக் கார்! ஏசி போட்டு, டிரைவர் கதவைத் திறந்து விட்டு, நாய் துரத்தின என்னை உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனாரு. போற வழியில வீட்டுல நிறுத்தி சட்டை மாத்திக்கிட்டேன். ஜெசிந்தா என்னைப் பார்த்தா, காரைப் பார்த்தா.

"நடக்கப் போறேன்னுல்லா சொன்னிய?"

"வந்து சொல்றேன்."

ஆடிட்டுக்குக் கடைசி நேரத்துல போய்ச் சேர்ந்தேன். நல்லபடியா முடிஞ்சுது. மத்தியானம் மேனேஜர் என்னைத் தனியாக் கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அவர் கையாலயே டீ வாங்கிக் குடுத்தாரு.

"உண்மையச் சொல்லு. உனக்கு இங்க என்ன குறை?"

"பி.பி.தான் சார்."

"அது எல்லாருக்கும் இருக்கு. கம்பெனியில என்ன குறை?"

"ஒண்ணும் இல்ல சார். நைட் ஷிப்ட்னாலதான் தூக்கமே..."

"ஓஹோ! அவங்க உன்னை ஜெனரல் ஷிப்ட்ல போடறேன்னாங்களா?"

சத்தியமா இல்லைன்னு சொல்லத்தாங்க வாயைத் திறந்தேன். கொட்டாவி வந்துருச்சு.

பெரிய கொட்டாவி. மூடவே முடியல. அவரு அதைப் பார்த்துட்டு என்ன நெனச்சாரோ, இந்த ஆளு இங்க இருக்கறதுக்கே அலுத்துப்போயிட்டான்னு முடிவு பண்ணிட்டாரு.

"நாளையிலேர்ந்து நீ ஜெனரல் ஷிப்ட்! போதுமா? இனிமே அந்தப் பக்கம் போகக் கூடாது!"

நானும் போறதில்லைன்னு வாக்குக் குடுத்தேன். அதுல பொய் ஒண்ணும் இல்ல.

அன்னியிலேர்ந்து ராத்திரி வீட்டுல படுத்தேன். அப்பவும் கரண்ட் போகும். ஆனா மொட்டை மாடியில பாயைப் போட்டா காத்து வரும். அடிச்சுப் போட்ட மாதிரித் தூங்கினேன். வாக்கிங்? அந்த நாய் இருக்கற ரோட்டுலயா? ஒரு அடி கூட நடக்கல.

கொஞ்ச நாள் கழிச்சு டாக்டரம்மா பட்டையைச் சுத்தினாங்க. நம்பரைப் பார்த்தாங்க. முகமெல்லாம் சிரிப்பு.

"பாருங்க! ஒரு மாத்திரை இல்லாம நார்மலுக்கு வந்துட்டீங்க! நடைப்பயிற்சியோட மகிமை இதுதான்!"

"இல்ல மேடம், நான் நடக்கவே..."

"தன்னடக்கம் எல்லாம் வேணாம். இதை நீங்க எல்லார்கிட்டயும் சொல்லணும்."

சொல்ல வச்சுட்டாங்க. காலையில ஷிப்ட் ஆரம்பிக்கும்போது மைக்கைக் கையில குடுத்து, லைன்ல வேலை பார்க்கற அத்தனை பேருக்கும் முன்னால நிக்க வச்சுட்டாங்க. மேனேஜர் முன்னாலயே நின்னு என்னை உத்துப் பார்க்கறாரு. நடந்ததைச் சொன்னா ஜெனரல் ஷிப்ட் போயிரும். சொல்லாட்டி டாக்டரம்மா விடமாட்டாங்க.

"நடங்க நண்பர்களே. நடந்தா எல்லாம் சரியாகும்"னு சுருக்கமா முடிச்சேன்.

பின்வரிசையிலேர்ந்து ஒரு குரல். "எங்கண்ணே நடந்தீங்க?"

வாய் தவறிடுச்சு. "ஒரகடம் பக்கம்."

பசங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. ஒரகடத்துக்கு இன்டர்வியூ போயித்தான் நான் ஜெனரல் ஷிப்ட்டுக்கு வந்தேங்கற கதை ஏற்கெனவே கேன்டீன் பூரா பரவிப் போயிருந்துச்சு.

அடுத்த வாரம் பார்க்கணுமே! எங்க லைன்ல பாதிப் பேரு ஒரகடம் ரோட்டுல வாக்கிங்! எல்லாரும் நல்லா இஸ்திரி போட்ட சட்டை, சீவின தலை, கையில ஃபைல். அந்த வழியாக் கார்ல வந்த எங்க மேனேஜருக்கு வரிசையா நின்னு குட் மார்னிங் வேற சொல்லியிருக்காங்க.

அந்த வாரம் டாக்டரம்மா வந்தப்போ, முதல் ஆளா உள்ள போனது மேனேஜர். கதவு இடுக்கு வழியாப் பார்த்தேன். ஒரு கையில பட்டையைச் சுத்தினாங்க. அப்புறம் இன்னொரு கையிலயும் சுத்தினாங்க.

அன்னிக்குத்தான் ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டேன். பி.பி.ங்கறது கம்பெனியை விட்டு எங்கயும் போறதில்லீங்க, ஷிப்ட் மட்டும்தான் மாறுது.